பழைய ராணுவப் படத்தில் இருப்பது யார்? எந்த வழியில் தேடலாம்

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து பழக்கம். மகள் வீட்டோடு போய்விடலாம் என்று சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் பிஸ்கட் டப்பா ஒன்றோடு வந்து, "நீ கம்ப்யூட்டர் ஆள்தானே, இதில் எங்கள் தாத்தாவோட அண்ணன் யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லேன்" என்றார். உள்ளே தடித்த அட்டையில் ஒட்டிய ஒரு ஸ்டூடியோ படம். ஒரு சிப்பாய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் அவர் தோளில் கை வைத்து நிற்கிறார், நிற்பவர் கையில் துப்பாக்கி. பின்பக்கம் பென்சிலில் "வில், மணிலா, 1900". அவ்வளவுதான்.

குடும்பத்தில் வழிவழியாக வந்த கதை ஒன்றும் இருந்தது. பெரிய தாத்தா வில்லியம் நெப்ராஸ்காவின் முதல் ரெஜிமென்ட்டில் (படைப்பிரிவில்) பிலிப்பைன்ஸ் போனவர், போரின் முதல் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டவர் என்று.

கம்ப்யூட்டர் ஆள் என்ற பட்டத்தைக் காப்பாற்ற நான்கு மாதம் தேடினேன். பதில் பாதி கிடைத்தது. ஆனால் வழிகளைத் தப்பான வரிசையில் எடுத்ததில் இரண்டு மாதம் வீண். இதே மாதிரி ஒரு படம் உங்கள் கைக்கு வந்தால் எதில் முதலில் நேரத்தைப் போடுவது, எதில் காசைப் போடுவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் படையெடுப்பின் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளாமல் எந்த வழியும் உதவாது. ஸ்பெயினோடு நடந்த போரில் 1898 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்கர்கள் மணிலாவைப் பிடித்தார்கள். டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம், 2 கோடி டாலர், பிலிப்பைன்ஸ் தீவுகள் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவுக்குக் கைமாறின. சுதந்திரம் கிடைத்துவிட்டது என்று நினைத்திருந்த பிலிப்பினோக்களோடு 1899 பிப்ரவரி 4 இரவு சண்டை மூண்டது. முதலில் சுட்டவர் நெப்ராஸ்கா முதல் ரெஜிமென்ட்டின் காவல் சிப்பாய், அதனால்தான் இந்த ஊர்க் குடும்பங்களில் அந்தக் கதை இன்னும் ஓடுகிறது. 1902 ஜூலை 4 அன்று போர் முடிந்ததாக அமெரிக்கா அறிவித்தது. (நம் பக்கத்துக்கும் மணிலாவுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு: 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கப் போனது சென்னையிலிருந்துதான். கூடப் போன சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் காயிந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். அவர்கள் காலத்தில் கேமரா இல்லை.)

அந்த மூன்றரை ஆண்டுகளில் அங்கே போய்வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் 1,26,000 பேர். இவர்கள் மூன்று வகை. நெப்ராஸ்கா, கான்சாஸ், ஒரிகன் என்று மாநிலப் பெயரோடு போன தொண்டர் ரெஜிமென்ட்டுகள் முதல் வகை, இவர்கள் 1899க்குள் ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக அதே ஆண்டு புதிதாகத் திரட்டப்பட்ட 26 முதல் 49 வரை எண் கொண்ட கூட்டாட்சித் தொண்டர் காலாட்படைகள் இரண்டாவது. நிரந்தர ராணுவம் மூன்றாவது. உங்கள் ஆள் இந்த மூன்றில் எதில் இருந்தார் என்பதை வைத்துத்தான் அவருடைய காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே முடிவாகும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

குடும்பக் கதையையும் பின்பக்க எழுத்தையும் நம்பித் தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது, நானும் அதைத்தான் செய்தேன். செலவு இல்லை, ஆனால் ஏமாற்றுவதில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. பின்னால் இருக்கும் பெயர் படத்தில் இருப்பவர் பெயராகவும் இருக்கலாம், படத்தை அனுப்பியவர் கையெழுத்தாகவும் இருக்கலாம், யாருக்கு அனுப்பினாரோ அவர் பெயராகவும் இருக்கலாம், ஐம்பது வருடம் கழித்து ஒரு அத்தை ஞாபகத்திலிருந்து எழுதியதாகவும் இருக்கலாம். எங்கள் படத்தில் பெயரை விட ஆண்டுதான் உதவியது. நெப்ராஸ்கா முதல் ரெஜிமென்ட் 1899 ஆகஸ்டிலேயே சான்பிரான்சிஸ்கோவில் கலைக்கப்பட்டுவிட்டது. அப்படியிருக்க 1900இல் மணிலாவில் எப்படிப் படம் எடுத்திருப்பார்? ஒன்று ஆண்டு தப்பு, இல்லை கதை தப்பு. இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் நெப்ராஸ்கா முதல் ரெஜிமென்ட்டின் பெயர்ப் பட்டியலில் ஆறு வாரம் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கையில் இருப்பது போஸ்ட்கார்டு வடிவப் படமா? பின்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் கோடு போட்டு ஒரு பாதி முகவரிக்கு, ஒரு பாதி செய்திக்கு என்று பிரித்திருந்தால் அந்த அட்டை 1907 மார்ச்சுக்குப் பிறகு அச்சானது. மேலே "1899" என்று யாராவது எழுதியிருந்தால், ஒன்று அது பின்னால் போட்ட மறுபிரதி, இல்லையென்றால் வெறும் நினைப்பு.

அடுத்த வழி, உடையையும் ஆயுதத்தையும் படிப்பது. என் கணக்கில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். தேவையானது ஒரு நல்ல ஸ்கேன், போனில் எடுத்த படம் போதாது. 1200 டிபிஐயில் தொப்பியை மட்டும் தனியாக ஸ்கேன் செய்துபாருங்கள். தொப்பியின் முன்பக்கத் தகட்டில், காலாட்படை என்றால் குறுக்கே வைத்த இரண்டு துப்பாக்கிகள், குதிரைப்படை என்றால் இரண்டு வாள்கள், பீரங்கிப்படை என்றால் இரண்டு பீரங்கிகள். மேல் கோணத்தில் ரெஜிமென்ட் எண் இருக்கும், கீழ்க் கோணத்தில் கம்பெனியின், அதாவது ரெஜிமென்ட்டின் உட்பிரிவின், எழுத்து. இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் 1,26,000 பேர் சுமார் நூறு பேராகச் சுருங்கிவிடுவார்கள்! வேறு எந்த வழியும் ஒரே அடியில் இவ்வளவு குறைத்துக் கொடுக்காது.

எங்கள் படத்தில் உட்கார்ந்திருப்பவர் தொப்பியை மடியில் வைத்திருந்தார். அதன் முன்பக்கத் தகடு விரல்களுக்கு நடுவில் சாய்வாகத் தெரிந்தது. முதல் எண் 3 என்பதில் சந்தேகமில்லை. இரண்டாவது 0, 8, 9 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, அட்டையைச் சாய்த்து வைத்துப் பார்த்ததில் அடிப்பக்கம் வால் மாதிரி திறந்திருப்பது தெரிந்தது. 39. அந்த ரெஜிமென்ட் திரட்டப்பட்டது ஒமாஹாவை ஒட்டிய ஃபோர்ட் க்ரூக்கில், என் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம். அன்று இரவு அந்த அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டலாமா என்று யோசித்துவிட்டு, மணி பதினொன்று என்பதால் விட்டுவிட்டேன்.

துப்பாக்கியும் பேசும். மாநிலத் தொண்டர்கள் பெரும்பாலும் பழைய ஸ்பிரிங்ஃபீல்டோடு போனவர்கள்: வலப்பக்கம் பெரிய சுத்தியல், முனையில் ஈட்டி மாதிரி முக்கோண பயனெட். நிரந்தர ராணுவத்திடமும் 1899இல் திரட்டிய ரெஜிமென்ட்டுகளிடமும் இருந்தது க்ராக். அதற்கு வலப்பக்கம் புடைத்த குண்டுப்பெட்டி, பயனெட் கத்தி வடிவம். எங்கள் படத்தில் நின்றவர் கையில் க்ராக், அதனால் 39க்கு இன்னொரு சாட்சி. ஆனாலும் ஸ்டூடியோக்களில் ஆயுதம் இரவல் வாங்கி நிற்பது சாதாரணம் என்பதால் துப்பாக்கியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

சட்டைக் கையில் பதவியைக் காட்டும் கோணக் கோடுகள் பெரிதாகக் கீழ்நோக்கி இருந்தால் பழைய விதி. 1902 விதிக்குப் பிறகு அவை சின்னதாகி மேல்நோக்கித் திரும்பின. மாறுவதற்கு நாள் பிடித்தது என்பதால் ஒன்றிரண்டு வருடம் விட்டுக் கணக்கிடுங்கள். மார்பில் பிலிப்பைன்ஸ் போர்ப் பதக்கம் இருந்தால் படம் 1905க்கு முன்னால் இருக்க முடியாது, அந்தப் பதக்கமே அந்த ஆண்டில்தான் உண்டானது.

இதில் இரண்டு பொறிகள். தகரத்தில் எடுத்த டின்டைப் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறியிருக்கும். எழுத்து வலமிருந்து இடமாக ஓடும், பட்டன் பெண்கள் சட்டைபோல எதிர்ப்பக்கம் இருக்கும், க்ராக்கின் பெட்டி இடப்பக்கம் போய்விடும். திருப்பிப் பார்க்காமல் "இது வேறு ரகத் துப்பாக்கி" என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பொறி நிறம். படம் பதிய அந்தக் காலத்தில் பயன்பட்ட கண்ணாடிப் பிளேட்டுகள் நீலத்தை வெளிறச் செய்யும், மஞ்சளையும் சிவப்பையும் கருக்கச் செய்யும். குதிரைப்படையின் மஞ்சள் பட்டை கறுப்பாகத் தெரியும், கருநீலச் சட்டை சாம்பலாகத் தெரியும். இந்த விஷயம் பின்னால் எனக்கு வேறு விதத்தில் உதவியது.

இங்கே ஒரு புலம்பல். முதல் வாரத்திலேயே நான் செய்த முட்டாள்தனம், பழைய படங்களை "சரிசெய்து" தரும் ஒரு ஆப்பில் இதைப் போட்டது. முகம் பளபளவென்று வந்தது, அந்த அம்மாவுக்கும் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. தொப்பித் தகட்டை என்ன செய்தது தெரியுமா? குறுக்குத் துப்பாக்கிகளை அழித்துவிட்டு அழகாக ஒரு பூவை வைத்திருந்தது. எண் போயே போய்விட்டது. முகத்தையும் அப்படித்தான் இட்டுக்கட்டியிருக்கிறது, ஆனால் பூவைப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. ஃபிரேம் போட்டு மாட்ட வேண்டுமானால் அந்த ஆப் சரி, ஆளைத் தேடுவதற்கு ஆகாது.

மூன்றாவது வழி ஆவணங்கள். பெயரை உறுதியாகத் தருவது இது ஒன்றுதான். ஆனால் ரெஜிமென்ட் தெரியாமல் உள்ளே போனால் கடலில் உப்பைத் தேடுவதுபோல. ராணுவ ஆவணம் என்றதும் யாராவது ஒருவர் "அதெல்லாம் செயின்ட் லூயிஸ் தீயில் போய்விட்டது" என்பார். 1973 ஜூலை 12 அன்று அந்த ஊர் ராணுவ ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீ உண்மைதான், ராணுவக் கோப்புகளில் பெரும்பகுதி அதில் அழிந்ததும் உண்மைதான். ஆனால் எரிந்தவை 1912 நவம்பர் முதல் 1960 வரை விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகள். 1898 முதல் 1902 வரை போய்விட்டு 1912க்கு முன்பே விடுவிக்கப்பட்டவர்களின் காகிதங்கள் அங்கே இல்லவே இல்லை, வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இந்த ஒரு தவறான தகவலால் தேடலையே கைவிட்டவர்கள் எத்தனை பேரோ.

தொண்டர் படையினர் ஒவ்வொருவருக்கும் தொகுக்கப்பட்ட சேவைக் கோப்பு உண்டு. சில பத்து டாலர் கட்டினால் நகல் அனுப்புவார்கள். வயது, உயரம், கண் நிறம், முடி நிறம், செய்த தொழில் எல்லாம் இருக்கும். புகைப்படம் இருக்காது, அந்த எதிர்பார்ப்போடு காசு கட்டாதீர்கள். நிரந்தர ராணுவத்தினருக்கு 1798 முதல் 1914 வரையிலான சேர்க்கைப் பதிவேடு ஆன்லைனிலேயே கிடைக்கிறது, ஒரு வரியில் ஆளின் பிறந்த ஊரும் உடல் அடையாளமும். ஓய்வூதிய அட்டைகளில் ஒரு தொகுப்பு பெயர் வரிசையில் இல்லாமல் ரெஜிமென்ட், கம்பெனி வரிசையில் அடுக்கியது. கம்பெனி மட்டும் தெரிந்து பெயர் தெரியாதவர்களுக்கு அது வரம்.

இதைவிட எனக்குப் பிடித்தது 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்த முறை வெளிநாட்டில் இருந்த படையினரையும் தனிப் படிவத்தில், கம்பெனி கம்பெனியாக, சொந்த ஊர் முகவரியோடு எழுதினார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். இதில் பெயரைத் தட்டித் தேடாதீர்கள். நெப்ராஸ்காக்காரர்களில் பாதிப் பேர் ஜெர்மன், செக், ஸ்வீடிஷ் பெயர்க்காரர்கள், எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார், பிறகு அட்டவணை போட்டவர் கண்ணில் பட்டதைப் போட்டிருக்கிறார். கம்பெனியைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் ஒரே வழி. எங்கள் வில்லியத்தின் குடும்பப் பெயர் மூன்று எழுத்து மாறிப்போயிருந்தது. ஊர்ப் பெயர் சரியாக இருந்ததால் பிடித்தேன். குடும்பக் கதையில் ரெஜிமென்ட்தான் பிசகு, ஆள் போனது உண்மை.

ஊர்ப் பத்திரிகைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை அப்படியே அச்சிட்டிருப்பார்கள், "நானும் இன்னாரும் படம் எடுத்துக்கொண்டோம்" என்று ஒரு வரி மாட்டினால் லாட்டரிதான். எனக்கு மாட்டவில்லை.

முகம் பொருத்தும் மென்பொருள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் படங்களுக்கு இப்படி ஒரு நல்ல தளம் இருக்கிறது, ஏனென்றால் பெயர் தெரிந்த படங்கள் அங்கே ஏராளமாகச் சேர்ந்திருக்கின்றன. பிலிப்பைன்ஸ் படைக்கு அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. ஒப்பிட இன்னொரு படம் இல்லாவிட்டால் மென்பொருள் எதோடு பொருத்தும்? சாதாரண முகத்தேடலில் போட்டால் இன்றைக்கு உயிரோடு இருக்கும் யாரோ ஒரு மீசைக்காரர் வருகிறார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே கம்பெனியில் சேருவது அப்போது சகஜம் என்பதையும் மறக்காதீர்கள். மென்பொருளுக்கு இருவரும் ஒரே ஆள்.

சிறு வட்டம் என்றால் முகம் பார்ப்பதிலும் அர்த்தம் இருக்கிறது. 1901 செப்டம்பர் 28 அன்று சமார் தீவின் பலங்கிகாவில் 9ஆம் காலாட்படையின் சி கம்பெனி தாக்கப்பட்டது. இருந்த 74 பேரில் 48 பேர் செத்தார்கள். பிழைத்தவர்கள் சிலர் அந்த ஊர்த் தேவாலய மணி ஒன்றோடு எடுத்துக்கொண்ட குழுப்படம் இருக்கிறது. இங்கே ரெஜிமென்ட், கம்பெனி, இடம், பெயர்ப்பட்டியல் எல்லாம் தெரியும். இருபத்தாறு பெயர்களுக்குள் ஒரு முகத்தைத் தேடுவது முடிகிற வேலை. (அங்கிருந்து அமெரிக்கப் படை எடுத்துப்போன தேவாலய மணிகள் மூன்றும் 117 ஆண்டு கழித்து 2018 டிசம்பரில் ஊர் திரும்பின.) ஆனால் அந்தத் தாக்குதலுக்குப் பழிவாங்க அமெரிக்கப் படை சமாரில் செய்ததில் செத்தவர்களுக்கு இப்படி ஒரு பட்டியல் கிடையாது. இந்தக் காலத்துப் படங்களில் ஓரத்தில் நிற்கும் பிலிப்பினோப் பையன்கள், சுமைகாரர்கள், அமெரிக்கருக்காகச் சண்டை போட்ட மகபெபே ஆட்கள் இவர்கள் பெயரைத் தேடுவதற்கு நான் மேலே சொன்ன எந்த அலமாரியும் திறக்காது. அதிகம் போனால் "பூர்வகுடி வேலையாள்" என்று ஒரு குறிப்பு இருக்கும்.

ஸ்டீரியோ கார்டுகள், அதாவது இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய வணிக அட்டைகள் கையில் இருந்தால், பெயர் தேடுவதை விட்டுவிடுங்கள். விற்பதற்காக எடுத்தவை, பலதில் தலைப்பே விற்பனைக்காக எழுதியது. ரெஜிமென்ட் வரை போனாலே பெரிய விஷயம்.

காசு கொடுத்து ஆள் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் "இது யார்" என்று கேட்டு வைக்காதீர்கள். அப்படி நான் ஒருவரிடம் பணம் கட்டினேன். மூன்று வாரம் கழித்து நான் சொன்ன குடும்பக் கதையையே நல்ல ஆங்கிலத்தில் எனக்குத் திருப்பி அனுப்பினார். "39ஆம் ரெஜிமென்ட், இந்தக் கம்பெனி, இந்தப் பெயர், சேவைக் கோப்பையும் ஓய்வூதியக் கோப்பையும் எடுத்து நகல் அனுப்புங்கள்" என்று சொல்லுமளவுக்கு நீங்கள் தயாரான பிறகு காசு கொடுத்தால் அது வீண் போகாது. சீருடை சேகரிப்பவர்களிடம் கேட்பது வேறு விஷயம். அவர்கள் தொப்பி மடிப்பைப் பார்த்தே வருடம் சொல்லுவார்கள், அதுவும் இலவசமாக. அவர்களுக்குக் குடும்பக் கதையைச் சொல்லாமல் வெறும் படத்தை மட்டும் காட்டுங்கள். கதையைச் சொல்லிவிட்டால் அவர்கள் கண்ணும் கதையைத்தான் தேடும்.

ஆக, ஒற்றை ஆள் ஸ்டூடியோ படம், தொப்பியில் எண் தெரிகிறது என்றால் ஸ்கேன், பிறகு 1900 கணக்கெடுப்பு, பிறகு சேவைக் கோப்பு. எண் தெரியவில்லை, ஆனால் பெயர் தெரியும் என்றால் தலைகீழாக, சேவைக் கோப்பின் பெயர் அட்டவணையில் தொடங்கி, உடையைக் கொண்டு சரிபாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஸ்டூடியோவின் பெயர் அட்டையில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், மணிலாவா, சான்பிரான்சிஸ்கோவா என்பதாவது தெரியும். அப்புறம் கொஞ்சநாள் டப்பாவிலேயே இருக்கட்டும்.

எங்கள் படத்துக்கு வருகிறேன். வில்லியத்தின் சேவைக் கோப்பு வந்தது. கண் நீலம், முடி வெளிர் நிறம் என்று இருந்தது. உட்கார்ந்திருப்பவரின் கண்கள் படத்தில் ஏறக்குறைய வெள்ளையாகத் தெரிகின்றன, நிற்பவருக்குக் கறுப்பு. நீலத்தை வெளிறச் செய்யும் பிளேட் என்பதால், உட்கார்ந்திருப்பவர்தான் பெரிய தாத்தா என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "அநேகமாக" என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து அட்டையின் பின்னால், பழைய எழுத்துக்குக் கீழே, எழுதப்போனவர் நிறுத்திவிட்டு, அந்தக் கம்பெனியில் எத்தனை வில்லியம்கள் என்று கேட்டார். ஒன்பது பேர் என்றேன்.

"அப்போ நிக்கிறவனும் வில்லா இருந்தா?"

அந்தப் பட்டியலில் கறுப்புக் கண்ணுள்ள வில்லியம்களை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். எட்டுக் கோப்புகளுக்கும் காசு கட்ட வேண்டும், முதல் இரண்டுக்குக் கட்டியாயிற்று.